நம்பர் சேரவில்லை

2008 ஜூலை 6, ஞாயிறு

காலையில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து போன். இசக்கிக்குச் சென்னையில் தேர்வு வந்துவிட்டது! ஆகஸ்ட் பத்தாம் தேதி. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் பேசும் புத்தகங்களாக மாற்றும் நிறுவனம், நிரந்தர வேலை. போனை வைத்ததும் "யக்கா!" என்று கத்திக்கொண்டு என்னைத் தேடி ஓடிவந்தவள் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக இந்த மாடிவீட்டில் என்னோடு இருக்கிறவள், கண் தெரியாமலே கரண்டி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதுவரை தெரிந்தவள், இன்றைக்கு இடித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபரில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அத்தோடு வயது வரம்பும் முடிகிறது. இதை விட்டால் வேறு கிடையாது.

ஒரு நிபந்தனை உண்டு. தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும். திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருளை அவரவர் சிடியில் கொண்டுவர வேண்டும். அங்கேயே மிஷினில் ஏற்றிக் கொடுப்பார்கள். சிடி ஓடவில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"சிடிய நீதாங்கா செஞ்சு தரணும்" என்றாள். பின்னே? இந்தப் பாளையங்கோட்டையில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பதினெட்டு வருஷமாக சென்டரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு சிடி எழுத எனக்குத் தெரியாதா?

மத்தியானம் பாயசம் வைத்தேன். பால் திரிந்துபோனது.

ஜூலை 9, புதன்

மென்பொருள் நாகர்கோவிலில் ஒரு தன்னார்வக் குழு செய்தது. அவர்கள் தளத்தில் இருக்கிறது. எழுநூறு எம்பி. நேற்றுப் பகல் முழுக்க இறங்கி, முடியப்போகிற நேரத்தில் கரண்ட் போனது. இன்றும் அதேதான். யுபிஎஸ்ஸில் பேட்டரி செத்து ஆறு மாதமாகிறது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போடப் போனால், கீழ்வீட்டு ஆவுடை மைனி, வீட்டுக்காரம்மா, "ஏ வடிவு, கரண்டு வந்தாச்சு, மோட்டாரப் போடு, தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல" என்று கூப்பாடு. மோட்டாரைப் போட்டுவிட்டு ஏறிவருவதற்குள் மறுபடி கரண்ட் போனது. நாசமாய்ப் போக.

ஜூலை 12, சனி

இறங்கிவிட்டது. நம்பர் சேர்ந்தது!

ஜூலை 13, ஞாயிறு

நேற்று ஆடின ஆட்டம் இன்றைக்கு அடங்கிவிட்டது.

இந்த நம்பர் சமாசாரத்தை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த ஃபைலைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் அதைப் படித்து முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு நம்பர் சொல்லும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் நம்பர் அடியோடு வேறாகிவிடும். செய்தவர்கள் தங்கள் நம்பரைத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். அதுவும் நமக்கு வருவதும் சேர்ந்தால் சரக்கு சுத்தம். சேராவிட்டால் வழியில் எங்கேயோ கெட்டிருக்கிறது. ஃபைலை சிடியில் எழுதிய பிறகு, சிடியையும் வாசிக்கச் சொல்லி இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஒரு சிடியைப் போட்டுத்தான் போன வருஷம் சென்டரில் முக்கால்வாசியில் நின்று, ஒரு கம்ப்யூட்டர் வாரக்கணக்கில் பிணமாகக் கிடந்தது. நம்பர் சேராத சிடியை இனி எந்த மிஷினிலும் நுழைய விடமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

நானும் இசக்கியும் சேர்ந்துதான் பார்ப்போம். தளத்து நம்பரை அவள் பிரெயிலில் குத்தி வைத்திருக்கிறாள். நான் திரையில் வருவதை எழுத்தெழுத்தாக வாசிப்பேன், அவள் விரலால் தடவிக்கொண்டே "சரி, சரி" என்பாள்.

இன்றைக்கு முதல் சிடியை எழுதி வாசித்தோம். முதல் எழுத்திலேயே "இல்லக்கா" என்றாள். இரண்டாவது, "இல்ல." மூன்றாவது, "இல்ல." அப்புறம் நான் வாசிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "எத்தன பேரு வாங்கிட்டுப் போறாவ, ஒருத்தரும் சிடி சரியில்லன்னு திரும்பி வரலியே டீச்சர்" என்றார். வேறு கடையில் உசத்தி சிடி வாங்கினேன். எழுதினேன். சேரவில்லை.

ஜூலை 17, வியாழன்

சிடி எழுதும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஆமை வேகம். சேரவில்லை. டிரைவின் கண்ணாடியைத் துடைத்தேன். சேரவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். சேரவில்லை.

நான் வாசிக்க வாசிக்க இசக்கி நெற்றியைச் சுருக்கினாள்.

"யக்கா, செத்த நில்லு. முந்தாநேத்தும் இதே நம்பரத்தான வாசிச்ச?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் கெடக்கு, நமக்கு வேண்டியது மட்டும் வரல."

"இல்லக்கா, கேளு. ஞாயித்துக்கெழம நீ வாசிச்ச மூணு எழுத்தும் இதேதான். சிடி கெட்டுப்போச்சுன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசாத்தான கெடும்? எல்லாம் ஒண்ணுபோலயா கெடும்?"

"ஏட்டி, நீ வரலாறு படிச்சவ. வரலாற்ற மட்டும் பாத்துக்கிடு" என்றேன்.

சும்மா போட்டுத்தான் பார்ப்போமே என்று ஒரு பாட்டம் கெஞ்சினாள். முடியாது என்றேன். நம்பர் சேராததைப் போட்டுவிட்டு, அங்கே சென்னையில் போய் நிற்கிறபோது யார் பதில் சொல்வது?

ஜூலை 19, சனி

கெட்ட சிடிகளை ஆவுடை மைனி வாங்கிக்கொண்டு போய் மொட்டைமாடியில் வடகத்துக்கு மேலே கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டாள். ஆடிக்காற்றில் பளிச் பளிச்சென்று சுற்றுகின்றன. ஒரு காக்காய் கிட்டே வரவில்லை. "இன்னும் இருந்தா குடு வடிவு" என்கிறாள். கொடுப்பேன், எனக்கென்ன. அதற்குத்தானே எழுதுகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

வேலை கிடைத்த மாதிரியே பேசுகிறாள் இசக்கி. சென்னையில் விடுதி விசாரித்தாகிவிட்டதாம். கூடப் படித்த ஒருத்தி அங்கேதான் இருக்கிறாளாம். அறையிலிருந்து ஆபீசுக்கு ஒரே பஸ்ஸாம். மாதம் ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாளாம். விருந்தாளி!

சென்னைத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். இங்கே தாமிரபரணி குடித்து வளர்ந்த உடம்பு.

இந்த மாதம் புளி சரியில்லை. ஒரே கொட்டை.

ஜூலை 22, செவ்வாய்

நாகர்கோவில் குழுவுக்கு மெயில் போட்டிருந்தேன். இன்று அவர்களில் ஜெபசிங் என்பவர் சென்டருக்கே போன் செய்தார். சின்ன வயசுக் குரல்.

"மேடம், ஒங்க சிடியில ஒரு கொறையும் இருக்காது. சிடி எழுதும்போ கடைசியில கொஞ்சம் வெத்து எடத்தையும் சேத்து எழுதிரும். நீங்க சிடி பூராவையும் வாசிக்கச் சொல்லுதீங்க. அந்த வெத்து எடமும் கணக்குல சேந்து நம்பர் மாறுது. ஃபைலு எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு மட்டும் வாசிக்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேல."

"நான் பதினெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன் தம்பி" என்றேன்.

"அய்யோ, தெரியும் மேடம். இது எல்லாரும் செய்யுத தப்புதான். மொதல்ல நானே செஞ்சேன்" என்றார்.

எல்லாரும் செய்கிற தப்பாம். எப்படிச் செய்வது என்று சொன்னதைக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது தலைவலி. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 23, புதன்

நேரமில்லை. புளியில் கொட்டை எடுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

இன்றும் நேரமில்லை. பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் துலக்கினேன். ஃபேன் இறக்கைகளைத் துடைத்தேன். "என்னக்கா, பொங்கலா வருது?" என்று இசக்கி கேட்டாள். வீடு வீடாக இருக்க வேண்டாமா?

ஜூலை 28, திங்கள்

சிடி என்ன ஆச்சு என்று கேட்டாள். இன்னும் சரியாக வரவில்லை என்றேன். சரியாக வரவில்லைதானே? நம்பர் சேரவில்லைதானே?

ஜூலை 30, புதன்

புதிதாக ஒரு சிடி எழுதி, பழையபடியே பார்த்தேன். சேரவில்லை. அந்தத் தம்பி சொன்னது போல முதலிலேயே ஒரு குறையும் இல்லை என்றால், இதுவாவது சேர்ந்திருக்க வேண்டாமா? சேரவில்லை. நான் என்ன செய்ய?

இதையும் மைனி கொண்டுபோனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் ஜெபசிங் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார், சிடி சரியாயிற்றா என்று கேட்க. இந்த ஊரில் ஆளுக்கு ஆயிரம் வேலை கிடக்கிறது, இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன அக்கறை! எடுத்தது இசக்கி.

நான் படியேறும்போதே வாசலில் நின்றாள்.

"அந்த ஆளு என்னைக்கு ஒனக்குச் சொன்னாரு?"

"எந்த ஆளு?"

"கோட்டிக்காரி மாதிரி நடிக்காத. அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னாராமே. நீ பாத்தியா?"

"நேரம் எங்கட்டி இருந்துச்சு?"

"ஃபேன் தொடைக்க நேரம் இருந்துச்சு! பரண எறக்க நேரம் இருந்துச்சு! நொண்டிக் குதிரைக்குச் சறுக்குனது சாக்காம். கரண்டுங்குத, கடைக்காரருங்குத, வேகங்குத. ஒரு மாசமா எத்தன சாக்கு! எனக்குக் கண்ணுதான் தெரியாது. ஒன் மனசு தெரியாதுன்னு நெனச்சியா? சிடியில ஒரு கோளாறும் இல்ல. நான் போறதுதான் ஒனக்குக் கோளாறு."

பெரிய வார்த்தை பேசாதே என்று நானும் கத்தினேன். ஒன்பது வருஷம் சோறு போட்டதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவளும் சம்பாதிக்கிறவள், அரிசி அவள் காசில்தான் வருகிறது. நாக்கில் சனி.

இரவு அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ஆத்திரத்தில் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லீவு போட்டேன். அலமாரியில் முதன்முதல் எழுதிய சிடி இருந்தது. அதை மட்டும் மைனிக்குக் கொடுக்கவில்லை. ஜெபசிங் சொன்னபடி ஃபைலின் நீளத்துக்கு மட்டும் வாசிக்கச் சொன்னேன்.

சேர்ந்தது. முப்பத்திரண்டும் சேர்ந்தது. முதல் சிடியே சரியான சிடி. காக்காய் ஓட்டிக்கொண்டிருக்கிற அத்தனையும் சரியான சிடி. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு, உறையில் போட்டு, சாயங்காலம் அவள் வந்ததும் நீட்டினேன். "நம்பர் சேந்துட்டுட்டி" என்றேன்.

"ஒன் கையால ஒண்ணும் வேண்டாம்."

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"நீ பாத்தத யாரு பாக்க?" என்றாள்.

உறையை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இசக்கி லீவு. தனியாகப் பஸ் ஏறி நாகர்கோவில் போய், ஜெபசிங்கிடம் ஒரு சிடி வாங்கி வந்துவிட்டாள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. பொழுது அடையும்வரை தெருமுனையில் நின்றேன் நான்.

"நம்பர் பாத்தாரா அவரு?"

"பாக்கல. நானும் கேக்கல."

"அடி மூதி, என்னத்தையாவது எழுதிக் குடுத்திருப்பான். குடு, ஒரு தடவ பாத்துருதேன். ஒன் கண்ணு முன்னாலயே..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன்" என்றாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சரிபார்க்கிறது என் தொழில். என்னை நம்பிச் சரிபார்க்கக் கொடுக்க இந்த வீட்டில் ஆளில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கைப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இட்லி நான்கு சாப்பிட்டாள். பேச்சு இல்லை.

நான் கூட வருவேன் என்று சொல்லிவிட்டேன். வராதே என்று அவள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சென்னை. ரயிலில் திரும்பிக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

காலையில் போய்ச் சேர்ந்தோம். தேர்வு அறைக்குக் கண்ணாடிச் சுவர். கூட வந்தவர்கள் வெளியே நில்லுங்கள் என்றார்கள். என் சிடி என் பையில் இருந்தது. கொண்டு போனதை அவளிடம் சொல்லவில்லை.

ஒருவர் வந்து இசக்கியின் சிடியை வாங்கி மிஷினில் போட்டார். திரை என் பக்கம் திரும்பியிருந்தது. நீலக் கோடு நகர ஆரம்பித்தது. போட்டவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கோடு பாதி தாண்டியது, முக்கால் வந்தது. அங்கே நின்றுவிட்டது.

போன வருஷம் சென்டரில் நின்றதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிடுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொன்னேன் கேட்டாயா, நம்பர் பார்க்காத சிடி, இப்போது இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம், சாயங்கால ரயிலில் போகலாம், நாளைக்குச் சுண்டவத்தல் குழம்பு வைக்கலாம் என்று மனசு ஓடியது.

அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோடு நின்றது அவளுக்கு எப்படித் தெரியும்? கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, எந்த நொடி பேச ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள். உதட்டில் சின்னச் சிரிப்பு. ஒரு வாரமாக நான் பார்க்காத சிரிப்பு.

"ஓடு சவமே, ஓடு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பையில் கையை விட்டு என் சிடியை எடுத்து, கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தேன். "யம்மா, உள்ள வரக்கூடாது" என்று காவலாளி கையை நீட்டினார். "அந்தச் சிடி நின்னுபோச்சு சார், என்கிட்ட நல்ல சிடி இருக்கு" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோடு நகர்ந்தது. நகர்ந்து, நகர்ந்து, முடிந்தது. இசக்கி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் விசைப்பலகையில் வைத்தாள். பேச ஆரம்பித்துவிட்டது.

நம்பர் பார்க்காத சிடி! வேகமாக எழுதிக் கொடுத்த சிடி! அது ஓடிவிட்டது. இரண்டு தடவை சரிபார்த்த சிடி என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முடிந்து வந்தவள் என் குரலைக் கேட்டதும், "பேசுச்சுக்கா! ஒரு எழுத்து விடாமப் பேசுச்சு! எல்லாத்தையும் எழுதிட்டேன்!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். பிறகு சண்டை ஞாபகம் வந்து கையை விட்டாள்.

செங்கல்பட்டு தாண்டினதும் அவளாகவே பேசினாள்.

"காவக்காரரு சொன்னாரு. கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தியாமே?"

"ஆமா."

"வெளிய நின்னு என்ன வேண்டுன?"

பொய் சொல்லியிருக்கலாம். எதிர் சீட்டில் ஆள் வேறு உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல ஓடக்கூடாதுன்னு வேண்டுனேன். பெறவு ஓடணும்னு வேண்டுனேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காற்றில் வைத்திருந்தாள்.

"சாமிக்குக் காது மந்தம்போல" என்றாள். "கடைசியாச் சொன்னதுதான் விழுந்திருக்கு."

ஆகஸ்ட் 14, வியாழன்

பேசுகிறாள். முன்போல இல்லை. உப்பு எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, அந்த அளவில். சிடியைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்றினேன். இப்போது மாற்றி என்ன செய்ய?

ஆகஸ்ட் 22, வெள்ளி

மத்தியானம் பதிவுத் தபால் வந்தது. நான் சென்டரில் இருந்தேன். இசக்கிக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் இருந்தாள், கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். கீழே ஆவுடை மைனி இருந்தாள். நன்றாக வாசிப்பாள், தினத்தாளை வரிவிடாமல் வாசிக்கிறவள். பக்கத்து வீட்டில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருந்தார். இசக்கி யாரிடமும் கொடுக்கவில்லை. நான் வரும்வரை மூன்று மணி நேரம் கவரைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

செருப்பைக் கூட நான் கழற்றவில்லை. கவரை என் கையில் வைத்தாள்.

"வாசிக்கா" என்றாள்.

பிரித்தேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நான் மேற்கொண்டு பார்க்காமல், மேலே இருந்த முகவரியிலிருந்து ஆரம்பித்து வாசித்தேன். தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்பதை வாசித்தேன். சம்பளத்தை வாசித்தேன். செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை பணியில் சேர வேண்டும் என்பதை வாசித்தேன். தங்குமிடம் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதை வாசித்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டவரின் பெயர்வரை வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுட்டி."

அப்புறம் அடுக்களைக்குப் போய், குழாயைத் திறக்காமல், அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தே அழுதேன்.

கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"யக்கா, மூக்கச் சிந்திட்டு டீயப் போடு. ரெண்டு பேருக்குப் போடு."